பழைய இரும்பும் குடியானவர் வருவாயும்

நாட்டுப்புறத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும், மாட்டுத் தொழுவத்தின் மூலையிலோ கிணற்று மேட்டிலோ, உபயோகமற்றுப்போன உலோகச் சாமான்கள் குவிந்து கிடப்பதைக் காணலாம். தேய்ந்த கொழு, முறிந்த வண்டியச்சு, கழற்றிப் போட்ட சக்கரப் பட்டை, முன்னாளில் கவலை இறைத்த இரும்புச் சால், ஓட்டையான வெல்லக் கொப்பரை, எரிந்துபோன மோட்டார், உடைந்த பம்பு, துருப்பிடித்த குழாய் ஆகியவை ஆண்டுக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றன. விதைக்கோ, உரத்துக்கோ, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ கையில் பணமில்லாத ஒரு நாளில், தெருவோடு போகும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் குவியலைக் காட்டி, அவர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவதே வழக்கமாயிருக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய்விட்டது. ஆயினும், பேரீச்சம்பழத்துக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிடும் மனப்பான்மை இன்னும் போகவில்லை.

இக்குவியலும் ஒருவகை விளைபொருளே. நெல்லைத் தூற்றாமலும், நிலக்கடலையைத் தரம் பிரிக்காமலும் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் நஷ்டமடைவார் என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை. பழைய உலோகத்துக்கும் விதி அதுவே. தரம் பிரித்தவருக்கே லாபம் சேரும். குடியானவர் பிரிக்காவிட்டால், வியாபாரி பிரித்து அந்தக் கூலியைத் தாம் எடுத்துக்கொள்வார். ஆகையால் இவ்வியாபாரம் நடைபெறும் முறையையும், வீட்டிலேயே அபாயமின்றிச் செய்யத்தக்க வேலைகளையும் அறிந்துகொள்வது நன்று.

கடைகளின் அமைப்பு

பழைய இரும்பு வாங்குவோரில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் இருப்பவர் சைக்கிளிலோ சிறு வண்டியிலோ ஊர் ஊராகச் சுற்றுபவர். அவரிடம் முதல் குறைவு. தினந்தோறும் வாங்கியதை அன்று மாலையே விற்றாக வேண்டும். இரண்டாம் படி, சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் காணப்படும் காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகர்கள் முற்காலத்தில் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தமையால் இப்பெயர் உண்டாயிற்று என்பர். மூன்றாம் படி, பெரிய நகரங்களிலுள்ள கிடங்குகள். கோயமுத்தூரில் உக்கடமும், சென்னையில் பழைய மோட்டார் வண்டிகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையும் இவ்வியாபாரத்தால் பிரசித்தி பெற்ற இடங்களாம்.

கிடங்குக்காரர் வாங்கியதை அப்படியே விற்பதில்லை. பெரிய துண்டுகளை வாயு விளக்கால் அறுத்து உலை வாய்க்கு அடங்குமாறு சிறிதாக்குகிறார். தகரத்தை யந்திரத்தில் அழுத்திக் கட்டாக்குகிறார். இரும்போடு கலந்துள்ள செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவற்றை வெவ்வேறாகப் பிரிக்கிறார். பிறகு அவை தத்தம் இடங்களுக்குப் பயணமாகின்றன. சாதாரண இரும்பு, மின்சார உலைகளில் உருகிக் கட்டடக் கம்பியாகிறது. வார்ப்பிரும்பு வார்ப்படச் சாலைகளை அடைகிறது. பம்பு உற்பத்தியில் பெயர்பெற்ற கோயமுத்தூரில், உடைந்த பம்பின் இரும்பு மீண்டும் ஒரு புதுப் பம்பின் உடலாக வார்க்கப்படலாம். பழைய பித்தளையின் ஒரு பகுதி, பித்தளைச் சிறு பாகங்களுக்குப் பேர்போன குஜராத்திலுள்ள ஜாம்நகர் வரையிற் செல்கிறது. பாட்டரியின் ஈயம் பெரும்பாலும் மறுபடியும் பாட்டரிக்கே போய்ச் சேருகிறது.

ஆகவே, வியாபாரியின் லாபம் முழுதும் வஞ்சனையால் வருவதென எண்ணுதல் தவறு. இடத்துக்கு வாடகை, அறுக்கும் வாயுவின் விலை, ஆட்கூலி, வண்டிச் சத்தம், விலை இறங்கினால் ஏற்படும் நஷ்டம் ஆகிய யாவும் அவரைச் சார்ந்தவை. ஆயினும், குவியலில் என்ன இருக்கிறதென்பது அவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. இந்த அறிவு வித்தியாசமே குடியானவருக்கு உண்டாகும் பெரு நஷ்டத்துக்குக் காரணம்.

கழிவு எது, கருவி எது

விற்பதற்கு முன் ஆராய வேண்டிய முதல் விஷயம், அப்பொருள் உண்மையில் கழிவுதானா என்பது. கம்பிச் சுற்று எரிந்துபோன மோட்டாரில் உடலும் தண்டும் நன்றாயிருக்குமாயின், புதிய சுற்றுக் கட்டி மீண்டும் ஓட்டலாம். இதற்காகும் செலவு புது மோட்டாரின் விலையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். பழைய டீசல் யந்திரத்தின் உறுப்புகளில் நல்லவற்றைப் பழுதுபார்ப்போர் உறுப்பு விலைக்கு வாங்குவர். உறுப்பாக விற்பதற்கும் கிலோவாக விற்பதற்கும் உள்ள வித்தியாசம், விதை நெல்லுக்கும் தவிட்டுக்கும் உள்ள வித்தியாசம் போன்றது.

லாரி, வண்டி முதலியவற்றின் வில் பட்டைகளைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன் உள்ளூர்க் கொல்லரிடம் காட்டுதல் வேண்டும். இப்பட்டைகள் கரிச் சத்து மிகுந்த நல்ல எஃகாலானவை. காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் தன்மையுடையவை. அரிவாள், களைக்கொட்டு, கொழு ஆகியவை இவற்றால் நேர்த்தியாக அமையும். கொல்லர் ரொக்கம் கொடாவிடினும், பட்டையைக் கொடுத்து அரிவாளாகப் பெறுவது குடும்பத்துக்கு லாபமே.

உலோகங்களை அறியும் வழி

ஒரு காந்தத் துண்டு, ஓர் அரம், ஒரு கத்தி ஆகிய மூன்றும் இருந்தாற் போதும். பெரும்பாலான பொருள்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

காந்தம் பற்றுவது இரும்பு வகை. இதில் வார்ப்பிரும்பு என்பது கரிச் சத்து ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம் வரை கொண்டது; சம்மட்டியால் அடித்தால் வளையாமல் உடையும்; உடைந்த இடம் சாம்பல் நிறமாய், பொடிமணல்போற் காணும். பம்பு உடல், மோட்டார்க் கூடு, கரும்பாலை உருளை ஆகியவை பெரும்பாலும் இவ்வகை. அடித்தால் வளைவது சாதாரண இரும்பு. அச்சு, பட்டை, கனத்த குழாய் முதலியன கனத்த இரும்பு எனப்படும். கூரைத் தகடு, டப்பா முதலியன தகரம் எனக் குறைந்த விலைக்குப் போகும்.

காந்தம் பற்றாதவற்றைத் தனியே வைத்து மேலும் சோதிக்க வேண்டும். கையில் எடுத்தால் லேசாயும், சுரண்டினால் வெண்மையாயும் இருப்பது அலுமினியம். ஒரே அளவுள்ள இரும்பின் எடையில் இது மூன்றில் ஒரு பங்கே இருக்கும். சுரண்டிய இடம் சிவந்து காணின் செம்பு. மஞ்சளாய் இருப்பின் பித்தளை. பம்பின் உட்சக்கரமும் புஷ்ஷும் சில சமயங்களில் வெண்கல வகையால் செய்யப்படுவதுண்டு. இவை பழுப்பேறி இரும்புபோலத் தோன்றுமாதலால், அரத்தால் தேய்த்துப் பாராமல் இரும்போடு எறிந்துவிடுவது தவறு. நகத்தால் கீறினாலும் கோடு விழுமளவு மெதுவாயும், அளவுக்கு மிஞ்சிய கனமாயும் இருப்பது ஈயம்.

இங்கு இரண்டு ஏமாற்றங்கள் நேரக்கூடும். முதலாவது, பித்தளை முலாம் பூசிய இரும்பு. கண்ணுக்குப் பித்தளையாகத் தோன்றினும் காந்தம் பற்றிவிடும். இரண்டாவது, மோட்டாரின் சுற்றுக்கம்பி. மேற்பூச்சினால் செம்புபோலச் சிவந்திருப்பினும், சில மோட்டார்களில் உட்கம்பி அலுமினியமாயிருக்கும். கத்தியாற் சுரண்டினால் உண்மை விளங்கும். எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா எஃகில் ஒருவகையைக் காந்தம் பற்றாது, மற்றொரு வகையைப் பற்றும். ஆகையால் அதனை இரும்போடு கலவாமல் தனியே வைத்து விலை கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு

பிரிப்பதனால் உண்டாகும் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். இதிற் காட்டும் விலைகள் கணக்கின் பொருட்டு வைத்துக்கொண்டவையேயன்றி எந்நாளைய சந்தை விலையும் அல்ல. ஒரு வீட்டில் 200 கிலோ குவியல் இருப்பதாகக் கொள்வோம். அதில் வார்ப்பிரும்பு 90 கிலோ, கனத்த இரும்பு 70 கிலோ, தகரம் 25 கிலோ, அலுமினியம் 8 கிலோ, பித்தளை 4 கிலோ, செம்பு 3 கிலோ. இதனைப் பிரிக்காமல், கிலோ 25 ரூபாய் வீதம் ஒட்டுமொத்தமாக விற்றால் கிடைப்பது 5,000 ரூபாய்.

பிரித்து விற்பதாயின், வார்ப்பிரும்பு கிலோ 32 ரூபாய் வீதம் 2,880. கனத்த இரும்பு 30 ரூபாய் வீதம் 2,100. தகரம் 20 ரூபாய் வீதம் 500. அலுமினியம் 150 ரூபாய் வீதம் 1,200. பித்தளை 450 ரூபாய் வீதம் 1,800. செம்பு 650 ரூபாய் வீதம் 1,950. ஆக மொத்தம் 10,430 ரூபாய்.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அலுமினியம், பித்தளை, செம்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 15 கிலோவே. அவற்றின் விலை மாத்திரம் 4,950 ரூபாய். அதாவது, ஒரு சிறு கூடையில் அடங்கும் இப்பொருள்களே, 200 கிலோவையும் கும்பலாக விற்றுப் பெற்ற பணத்துக்கு ஏறக்குறையச் சமமாகின்றன. மிகுந்த 185 கிலோ இரும்பையும் குடியானவர் இனாமாகக் கொடுத்ததற்கு ஒப்பாகும். செம்பின் விலை இரும்பைவிட இருபது மடங்குக்கு மேற்படுவது சாதாரணம் என்பதை மறவாதிருந்தால் இத்தகைய நஷ்டம் நேராது.

விலையும் எடையும்

செம்பு, அலுமினியம், ஈயம், துத்தநாகம் முதலியவற்றின் விலை, 1877ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லண்டன் உலோகச் சந்தையையும், நம் நாட்டில் மும்பையிலுள்ள பண்டச் சந்தையையும் ஒட்டி அன்றாடம் ஏறியிறங்குகிறது. செய்தித்தாளிலோ கைப்பேசியிலோ அவ்விலைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பழைய செம்புக்குப் புதுச் செம்பின் விலை முழுதும் கிடைக்காது. ஆயினும், விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். இரண்டு மூன்று கடைகளில் வகைவாரியாக விலை கேட்டுக் குறித்துக்கொண்ட பின்னரே பேசி முடிப்பது முறை. "மொத்தம் என்ன தருவீர்?" என்று கேட்பவருக்கு மொத்த விலையே கிடைக்கும்.

எடையிலும் ஜாக்கிரதை வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்கு உபயோகிக்கும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். மின்தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை அவசியம். தமிழ்நாட்டில் இதனைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. குறைகளை அங்கே தெரிவிக்கலாம். தெரு வியாபாரி கொண்டுவரும் தொங்கு தராசை எளிதிற் சோதிக்க ஒரு வழியுண்டு. வீட்டில் பிரிக்காத யூரியா மூட்டை இருப்பின், அதில் உள்ள உரம் 45 கிலோ. அதனை முதலில் தொங்கவிட்டுப் பார்த்தால் தராசின் நேர்மை வெளிப்படும். நூற்றுக்கு ஐந்து குறைந்தாலும் 200 கிலோவில் 10 கிலோ போய்விடுமன்றோ?

லாரிகளை நிறுக்கும் எடைமேடை 5 அல்லது 10 கிலோ படிகளிலேயே எடை காட்டுமாதலால், சிறு சரக்கையும், முக்கியமாகச் செம்பு பித்தளையையும், அதில் நிறுத்தலாகாது. எடைமேடையில் நிறுப்பதாயின், பாரத்தோடு ஒருமுறையும் வெறும் வண்டியாக ஒருமுறையும் நிறுத்து, இரண்டு சீட்டுகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மண், மரப்பிடி, சிமென்ட் ஒட்டு முதலியவற்றுக்காக வியாபாரி எடையிற் கழிவு கேட்பது நியாயமே. அவற்றை முன்னதாகவே நீக்கிவிட்டால் கழிவுக்கு இடமிராது. அலுமினியத்தில் மாட்டியுள்ள இரும்புத் திருகுகளைக் கழற்றிவிட்டால் அதன் தரமும் உயரும்.

ஒருவரது சரக்கு சிறிதாயிருப்பின் நகரக் கிடங்குக்குக் கொண்டுபோவது கட்டாது. 2,000 ரூபாய் வாடகை கொடுத்து 200 கிலோவை ஏற்றினால் கிலோவுக்கு 10 ரூபாய் வண்டிக்கே போகும். பத்துக் குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து 2,000 கிலோவை ஏற்றினால் அதே வாடகை கிலோவுக்கு 1 ரூபாயாகக் குறையும். பொங்கலையொட்டிப் போகிக்கு வீடு ஒழிக்கும் வழக்கமிருப்பதால், அச்சமயம் தெருவார் கூடிச் சரக்கைச் சேர்த்தல் எளிது. அவரவர் எடையை ஊரிலேயே தனித்தனியே நிறுத்து எழுதிக்கொண்டால் பின்னர்ப் பிணக்கு உண்டாகாது.

வரியைக் காட்டி விலை குறைப்பாரும் உண்டு. பதிவு பெறாத ஒருவரிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி உலோகக் கழிவை வாங்கும்போது, சரக்கு சேவை வரியைச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவரையே சாரும் என்பது 2024ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் அமலிலுள்ள விதி.

செய்யத் தகாதவை

லாபத்தை நாடி உயிரை இழக்கலாகாது. கேபிள் கம்பியின் மேலுறையை நெருப்பிலிட்டு எரித்துச் செம்பெடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வுறை எரியும்போது எழும் புகை சுவாசப்பையைப் புண்ணாக்கும் கொடிய அமிலத்தையும், நெடுநாள் அழியாத நஞ்சுகளையும் கொண்டது. அருகிலுள்ள மாட்டுத் தீவனத்திலும் படியும். எரிந்து கறுத்த செம்புக்கு விலையும் குறைவு. கத்தியால் உறையைச் சீவி எடுத்தால் கம்பி பளபளப்பாயிருந்து மேல்தரமாக மதிக்கப்படும். சீவுவதற்கு அவகாசமில்லையேல் உறையோடே விற்பது மேல்.

பழைய பாட்டரியை வீட்டில் உடைக்கவே கூடாது. அதிலுள்ள கந்தக அமிலம் கண்ணையும் தோலையும் பொசுக்கும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதிது வாங்கும் கடையில் பழையதை முழுதாகக் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்வதே உத்தமம்.

பூச்சிமருந்து டின்களைப் பழைய தகரத்தோடு சேர்த்தலாகாது. கடையில் அதனை வாங்கிப் போகிறவர் தண்ணீர் மொள்ளவோ எண்ணெய் வைக்கவோ உபயோகிக்கக்கூடும். காலிக் கலங்கள் மறுபடி உபயோகப்படாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கப்பட வேண்டுமென 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் கூறுகின்றன.

வாய் மூடிய உருளை, குழாய் முதலியவற்றைத் திறவாமல் விற்பதும் அபாயம். உள்ளே சிறிது தண்ணீர் இருப்பினும், உலையில் அது நீராவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்குவரை விரிந்து வெடித்து, உலையில் வேலைசெய்வோரைக் கொல்லும். இன்னதென்று விளங்காத கனத்த கருவிகளையும், கதிர்வீச்சு முத்திரை உள்ள பொருள்களையும் தொடாமல் போலீஸாருக்கு அறிவிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தில்லி மாயாபுரிக் கழிவுச் சந்தையில், ஏலத்தில் வந்த பழைய ஆராய்ச்சிக் கருவியொன்றைப் பிரித்தபோது, அதனுள்ளிருந்த கோபால்ட்-60 என்னும் கதிர்வீச்சுப் பொருளால் பலர் நோயுற்று, ஒருவர் மாண்டார். பிரித்தவர்களுக்கு அது வெறும் உலோகமாகவே தோன்றியது.

உரிமையும் சீட்டும்

மோட்டார் கேபிள் திருட்டால் வாடும் குடியானவர் அநேகர். பயிர் பாலேறும் சமயத்தில் ஒரே இரவில் கேபிள் அறுபட்டுப் போனால், திருடியவனுக்குக் கிடைப்பது சில கிலோ செம்பு. குடியானவருக்கோ புதுக் கேபிளின் விலையோடு பல நாட் பாசனமும் நஷ்டம். திருட்டுப் பொருளை வாங்குவாரில்லையேல் திருடுவாரும் இலர். திருட்டுப் பொருளென அறிந்து வாங்குதல், 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகையால் நாணயமான கடைக்காரர் விற்பவரின் அடையாளச் சீட்டைக் கேட்டுப் பதிவுசெய்வார். அதனை அவமானமாகக் கொள்ளாமல், தம் கிணற்றுக்கும் அது காவலென உணர்ந்து உடன்படுதல் வேண்டும். மோட்டார், கேபிள் வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், களவு போனபோதும், தாமே விற்கும்போதும் உதவும். மின்வாரியத்துக்கு உரிய கம்பி, கம்பம் முதலியன நிலத்தில் விழுந்து கிடப்பினும் குடியானவருடையவை அல்ல. அவற்றைத் தொடாமல் வாரியத்தாருக்குத் தெரிவித்தல் கடமை.

பழைய டிராக்டரைக் கழிவாக விற்பவர், பதிவை ரத்துச் செய்யாமல் விடுதல் பெருந்தவறு. வேறொருவர் அந்த எண்ணை உபயோகித்தால் வழக்கு முந்தைய உடையவரையே தேடிவரும். வண்டி நிரந்தரமாக உபயோகமற்றுப்போனால் 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டுமென 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி அமைந்த பதிவுபெற்ற வாகனக் கழிவு நிலையத்தில் ஒப்படைத்தால் அதற்குரிய சான்றிதழும் கிடைக்கும்.

முடிவாக, பழைய உலோகம் என்பது குடியானவர் ஒருகாலத்தில் தம் உழைப்பால் வாங்கிய கருவியின் மிச்சம். அதனைப் பணமுடை நேர்ந்த நாளில் பதற்றத்தோடு விற்பதற்குப் பதிலாக, வேலை ஓய்ந்த ஒரு பிற்பகலில் காந்தத்தோடும் அரத்தோடும் உட்கார்ந்து, நான்கைந்து சாக்குகளில் வகைவகையாகப் பிரித்து, எடையைச் சுவரில் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு எந்நாளில் எவர் வந்து கேட்டாலும், தம்மிடம் உள்ளது இன்னது, இவ்வளவு என்று குடியானவர் சொல்லக்கூடும். அந்த ஒரு பிற்பகலின் கூலி, வேறெந்த வேலையின் கூலிக்கும் குறைந்ததாயிராது.